இணைப்பு: நபர் ஒருவர்

இறந்தவர்கள் நடுச்சாமத்தில்தான் வருவார்கள் என்றும், வரும்போது நாய் ஊளையிடும் என்றும், எங்கிருந்தோ மல்லிகை மணக்கும் என்றும், கால் தரையில் பாவாது என்றும் நம் மக்களிடையே ஒரு எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. படித்தவர்களும் இதற்கு விலக்கில்லை என்பது வருந்தத்தக்கது. இந்தப் பிழையை இனியும் திருத்தாமல் விடுவது முறையாகாது. இறந்தவர்கள் அலுவலக நேரத்தில் வருகிறார்கள். காலை பத்து மணிக்கு மேல், மாலை ஐந்துக்குள்; மதியம் ஒன்றிலிருந்து இரண்டு வரை அவர்களைப் பார்க்க முடியாது; ஞாயிற்றுக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் வருவதில்லை. கால் தரையில் நன்றாகவே பாவுகிறது, சிமெண்டுத் தரையில் கரித்தடம்கூட விழுகிறது. மணம் என்று பார்த்தால் கருகிய கீற்றின் மணம். இவ்வளவையும் வெள்ளோடைப்பட்டினத்து மக்கள், பதினோரு கூரை வம்சாவளிச் சங்கத்தின் அலுவலகத்தில், ஆடி பிறந்த இரண்டாம் செவ்வாயிலிருந்து ஐப்பசி வரைக்கும் நேரில் பார்த்து உறுதிசெய்துகொண்டார்கள்.

அந்தச் சங்கம் எதற்கு என்று தெரியாத வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. இருநூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால், துறைமுகம் கம்பெனிக்காரன் கையில் இருந்த காலத்தில், ஒரு சித்திரை மாதத்து வறட்டுக் காற்றில் துறைமுக விளக்கு அவிந்துபோக, கடலில் இருந்த தோணிகளுக்குக் கரை எது மணல்திட்டு எது என்று தெரியாமல் போக, ஊரில் பதினோரு வீட்டுக்காரர்கள் தங்கள் கூரைகளுக்குத் தாங்களே நெருப்பு வைத்து, அந்த வெளிச்சத்தில் தோணிகளைக் கரைசேர்த்தார்கள். கம்பெனிக்காரன் அடுத்த மாதமே வீட்டுவரி ஏட்டை எடுத்துவைத்துக்கொண்டு எந்தெந்த வீடு எரிந்தது என்று குறித்து, அந்த வீடுகளின் சொந்தக்காரர் பெயர் பதினொன்றையும் கல்லில் வெட்டி மாதா கோயில் முன்னால் நட்டான். அந்தப் பதினோரு பெயரில் ஏதாவது ஒன்றிலிருந்து தாம் இறங்கி வந்ததாகத் தலைமுறைக்கு இரண்டு காகிதம் வீதம் காட்டுகிறவர்கள் சங்கத்தில் சேரலாம். சேர்ந்தவர்கள் வருஷத்தில் ஒரு நாள் தீப்பந்தம் பிடிக்கலாம்; கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் 'ப.கூ.' என்று போட்டுக்கொள்ளலாம். செத்தால் கோயிலுக்குக் கிழக்கே பூவரச மரங்கள் நிற்கும் சங்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் படுத்துக்கொள்ளலாம். தீப்பந்தம் கையைச் சுடும், கல்யாணப் பத்திரிகையை யாரும் முழுதாகப் படிப்பதில்லை, ஆகவே சங்கம் என்பது உண்மையில் அந்தத் தோட்டம்தான்.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் அதை ஒட்டிய சங்க அலுவலகத்துக்கும் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்த பிரகாசிக்கு இதெல்லாம் யாரையும்விட நன்றாகத் தெரியும். ஊரில் யாருக்கு யார் பூட்டன், யாருடைய ஞானஸ்நானப் பதிவில் தேதி சுரண்டித் திருத்தப்பட்டிருக்கிறது, எந்தக் குடும்பத்தில் கல்யாணத்துக்கும் முதல் பிள்ளைக்கும் நடுவே நான்கே மாதம் என்று எல்லாக் காகிதமும் இருபது வருஷமாக அவளுடைய மிஷின் கண்ணாடியில் குப்புறப் படுத்து வெளிச்சம் வாங்கிக்கொண்டு போனவைதான். அவள் ஒரு நாளும் வாயைத் திறந்ததில்லை. அதனாலேயே ஊர் முழுக்க அவளிடம் வந்தது.

அவள் புருஷன் சவரிநாதன், ஐஸ் கம்பெனியில் போர்மேன், கல்லில் ஆறாவது பெயரின் வழி. முந்தின வருஷம் ஐப்பசியில் ஒரு மதியம் சோறு தின்றுகொண்டிருந்தபோது மோர் கேட்டார். மோர் வருவதற்குள் போய்விட்டார். பிரகாசி அந்த மோரை என்ன செய்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. அழவில்லை. அழவைப்பதற்கென்றே வந்த பெண்கள் அவள் தோளைப் பிடித்து உலுக்கி, அவர் போட்ட சட்டையைக் காட்டி, அவர் உட்கார்ந்த நாற்காலியைக் காட்டி, கடைசியில் களைத்துப்போய்க் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. தோசைக்கல்லில் கை பட்டால் வாசனை வந்துதான் தெரிந்தது. காலையில் போடும் பிரஷர் மாத்திரையும் நின்றுபோனது. வேண்டாம் என்று தீர்மானித்து நிறுத்தியதில்லை. அட்டையைப் பிய்த்துத் தண்ணீர்ச் செம்போடு நீட்டுவது சவரிநாதனுடைய வேலையாக இருந்தது, அந்த வேலைக்கு இப்போது ஆள் இல்லை, அவ்வளவுதான்.

எதுவுமே வேண்டியிருக்காத அவளுக்கு ஒன்று மட்டும் மிகத் தெளிவாக வேண்டியிருந்தது. இருபத்தொரு வருஷம் அவள் சவரிநாதனுக்கு இடது பக்கம் படுத்தவள். கல்லறைத் தோட்டத்தில் சவரிநாதனுக்கு வலது பக்கம் சுவர். இடது பக்கம் ஒரு ஆள் படுக்கிற அளவு இடம் காலியாகக் கிடந்தது. சங்கத்தின் ஒன்பதாம் விதிப்படி, வம்சத்தில் பிறக்காமல் கல்யாணத்தால் வந்த மனைவி, புருஷன் இருக்கிற வரைக்கும்தான் உறுப்பினர். அவர் செத்த பிறகு பக்கத்து இடம் ஒரு வருஷம் காத்திருக்கும். அதற்குள் அவள் தன் சொந்த வம்சத்தால் உறுப்பினராகிவிட்டால் இடம் அவளுக்கு. இல்லையென்றால் வருஷப் பூசைக்கு மறுநாள் அது வரிசையில் நிற்கும் வேறு யாருக்கோ போய்விடும், அவள் பொதுக் கல்லறையில் யார் பக்கத்திலாவது படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிரகாசி சிறுமியாக இருந்தபோது அவள் அம்மா பேன் பார்த்துக்கொண்டே, நம்ம வழியிலயும் ஒருத்தி அன்னிக்குக் கூரை எரிச்சவதான் என்று எப்போதோ சொல்லியிருந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு அவள் தேடினாள். ஒன்பது மாதம், கடையைச் சாத்திய நேரமெல்லாம், கோயில் பதிவேட்டு அறையில் கரையான் தின்ற ஓரங்களைப் புரட்டிப் புரட்டி, அம்மா, அம்மாவின் அம்மா, அவள் அம்மா என்று கீழ்நோக்கிப் போகிற அந்தப் பெண்களின் வரிசையைப் படிவத்தில் கட்டம் கட்டமாக இறக்கிக்கொண்டே வந்தாள். ஏழு கட்டம் நிரம்பியது. ஏழாவதாக இருந்தவள் மதலேன் என்ற நான்கு வயதுக் குழந்தை. அவளுடைய ஞானஸ்நானப் பதிவில், கூரை எரிந்த வருஷம், எரிந்த மாதம், 'தகப்பன் கடலில் காணோம். தாய் மேற்படி' என்று எழுதி முடித்திருந்தது.

சங்கத்தின் செயலாளர் கஸ்பார், தபால் துறையில் முப்பத்தாறு வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர், அந்த நகலை மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"மேற்படின்னு ஒரு பேர் கிடையாதும்மா," என்றார்.

"தெரியும் சார்."

"எட்டாவது கட்டம் காலியா இருக்கு."

"ஆமா சார்."

காலிக் கட்டத்தோடு ஒரு விண்ணப்பத்தை வாங்கக் கூடாது என்று விதி இல்லை, நிராகரிக்க வேண்டும் என்றுதான் விதி இருக்கிறது, ஆகையால் இப்போதைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிக் கஸ்பார் முத்திரை குத்தினார். அது திங்கட்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் அலுவலகத்தைத் திறந்தபோது, உள்ளே, சுவரோரப் பெஞ்சில், முப்பது வயதுக்குள் மதிக்கத்தக்க ஒரு பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலது புருவம் பொசுங்கியிருந்தது. கஸ்பார் ஜன்னலைத் திறந்து, காலண்டரில் தேதி கிழித்து, நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்த பிறகு, என்ன வேண்டும் என்று கேட்டார்.

"கட்டம் ஒன்னு காலியா கெடக்குன்னாங்க. வந்தேன்."

"பேர்?"

"சிலுவாயி."

கஸ்பார் வரத்துப் பதிவேட்டை எடுத்தார். அலுவலகத்துக்குள் வந்த எதையும் பதியாமல் விட்டது அவர் வாழ்க்கையில் இல்லை. வரத்து எண் 114 என்று போட்டு, பொருள்: பிரகாசியின் விண்ணப்பம் சார்பாக என்று எழுதி, இணைப்பு என்ற பத்தியில் 'நபர் ஒருவர்' என்று பூர்த்திசெய்துவிட்டு, எதிர்க்கடைக்கு ஆள் அனுப்பினார்.

பிரகாசி வந்து வாசலில் நின்றாள். பெஞ்சில் இருந்தவள் எழுந்து நின்றாள். இருவரும் ஒரே சமயத்தில் இடது காலைத் தூக்கி அதன் பாதத்தால் வலது கெண்டைக்காலைச் சொறிந்தார்கள். அதைப் பார்த்த கஸ்பாருக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை. ஆனால் அத்தாட்சி அவருக்குத் தேவையா இல்லையா என்பது கேள்வி அல்ல, இரண்டு காகிதம் தேவை என்பதுதான் விதி. சிலுவாயி பிரகாசியின் நரைத்த நெற்றியோரத்தைப் பார்த்துவிட்டு, "ஒக்காருக்கா," என்று பெஞ்சில் தள்ளி இடம்விட்டாள். எட்டுத் தலைமுறை மூத்தவள் அக்கா என்று கூப்பிட்டது இருவருக்கும் தப்பாகப் படவில்லை.

ஒரு விண்ணப்பத்தின் இணைப்பு, விண்ணப்பம் முடிகிற வரைக்கும் கோப்போடுதான் இருக்க வேண்டும். ஆகவே சிலுவாயி தினமும் வந்தாள். ஐந்து மணிக்குக் கஸ்பார் பூட்டும்போது பெஞ்சில் இருப்பாள், பூட்டிய பிறகு இருக்க மாட்டாள், காலையில் இருப்பாள். ஊர் இதைத் தன் போக்கில் எடுத்துக்கொண்டது. டீக்கடை மீரான் பாய் கஸ்பாருக்கு அனுப்பும் டீயோடு இன்னொன்றும் சேர்த்து அனுப்பினார். அவள் டம்ளரைக் கையில் பிடித்து உருட்டிக்கொண்டிருந்துவிட்டு ஆறிய டீயை அப்படியே திருப்பி அனுப்புவதைக் கண்டு, சூட்டுக்குத்தான் வாங்குகிறாள் என்று புரிந்துகொண்டு, நான்காம் நாளிலிருந்து வெந்நீர் அனுப்பினார். சுகாதார நர்சு வந்து பிரஷர் பார்த்து, முள் அசையாததால் 'இயல்பு' என்று எழுதிக்கொண்டு போனாள். வார்டு மெம்பர் அவளுக்கு ரேஷன் கார்டு எடுத்துத் தருவதாகச் சொல்லிப் போட்டோ பிடித்தார், புகை மூட்டமாக விழுந்தது, இன்னொரு தடவை பிடித்தார், அதுவும் அப்படியே விழுந்தது, பரவாயில்லை ஆதாரில் இருக்கிறதைவிட நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இரண்டு கட்சிக்காரர்கள் அவளை வரவேற்று பிளக்ஸ் வைத்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஆறாம் வகுப்பை வரிசையாகக் கூட்டிவந்தார்கள், அவள் முன்வரிசையில் இருந்த ஒருத்தியின் தலையை இழுத்துப் பார்த்து ஈர் எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் மட்டும், காயப்போட்ட துணியில் புகை நாற்றம் ஏறுகிறது என்று எழுத்து மூலம் புகார் கொடுத்தார்கள். கஸ்பார் அதற்கும் வரத்து எண் போட்டார். ஆவணி பிறந்தபோது ஊருக்கு அவள் பஸ் ஸ்டாண்டுக் கடிகாரம் மாதிரி ஆகிவிட்டாள், இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், நிமிர்ந்து பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

விண்ணப்பம் மட்டும் நகரவில்லை. நேரில் வந்திருப்பது ஆவணம் ஆகாது. அவள் தான் இன்னார் என்று சத்தியக் கடுதாசி கொடுக்கலாமா என்று நோட்டரியிடம் கேட்டார்கள். சத்தியம் செய்கிறவர் உயிரோடு இருக்க வேண்டும், உயிர்வாழ் சான்றிதழ் கொண்டுவரச் சொல்லுங்கள் என்றார். கிராம நிர்வாக அலுவலரிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர், இறப்புச் சான்றிதழ் வேண்டுமானால் முயற்சி செய்யலாம் என்றார். ஆனால் இறப்புச் சான்றிதழ் வாங்கினால் அவள் சாட்சி சொல்ல முடியாது, வாங்காவிட்டால் மூதாதை ஆக முடியாது. பிரகாசி ஒவ்வொரு இடத்திலிருந்தும் திரும்பி வந்து பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்காருவாள். சிலுவாயி அவளிடம் எதுவும் கேட்க மாட்டாள். சாயங்காலம் வரைக்கும் இரண்டு பேரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சவரிநாதன் போன பிறகு பிரகாசி இன்னொருவர் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்தது அங்கேதான்.

இதற்குள் வேறொன்று ஆரம்பித்திருந்தது. மூன்றாம் பெயரின் வழி என்று விண்ணப்பம் போட வந்த ஒரு வாத்தியார், காத்திருந்த நேரத்தில் சும்மா இருக்காமல், எங்க பூட்டனுக்குப் பூட்டன் கூரை எரித்ததை நீங்கள் பார்த்திருப்பீர்களே என்று சிலுவாயியிடம் கேட்டுவைத்தார். அவள் யோசித்து, அவுகளா, அவுக தோணியில இருந்தாக என்றாள். வாத்தியார் அதை வீட்டில் சொல்ல, வீட்டிலிருந்து தெருவுக்குப் போக, மறுநாள் இரண்டாம் பெயர் வழியிலிருந்து வந்து கேட்டார்கள், ஏழாம் பெயர் வழியிலிருந்து வந்து கேட்டார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், தோணியில இருந்தாக, தோணியில இருந்தாக என்றே சொன்னாள். மீன் மார்க்கெட்டில் ப.கூ. என்று போட்டுக்கொள்ள வழியில்லாதவர்கள் சத்தமாகச் சிரித்தார்கள். ஒரு கல்யாணப் பத்திரிகை, ப.கூ.வை எடுத்துவிடச் சொல்லி, அச்சகத்துக்குத் திரும்பிப் போனது.

அப்போதுதான் தலைவர் வியாகுலம் வந்தார். அரிசி மில்காரர், கல்லில் முதல் பெயரான தொம்மையின் நேர் வழி, பதினெட்டு வருஷமாகத் தலைவர். வெள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு சிலுவாயிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பிரகாசி நகல்களைக் கஸ்பாரின் மேஜையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நீ எரிச்சது யாரு கூரை?" என்றார் வியாகுலம்.

"தொம்மையாரு கூரை. அவுக வீட்டுப் பின்னாடிதான் எங்க சாய்ப்புக் குடிசை."

"ஒன் சாய்ப்ப எரிக்க வேண்டியதுதானே?"

"அதுல எரிக்க என்ன இருந்துச்சு, கிழிஞ்ச பாயி ரெண்டு. தொம்மையாரு வீடு மாசியில மேஞ்சது. புதுக் கீத்து."

"அவர்ட்ட கேட்டியா?"

"கடல்ல இருக்கவுகள எங்க போயி கேக்க?"

"மத்த பத்துக் கூரை? அத யாரு வச்சா?"

சிலுவாயி உள்ளங்கையைப் பார்த்தாள். "அத ஆரும் வைக்கல. காத்து பாத்துக்கிச்சு."

வியாகுலம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். பிறகு கஸ்பார் பக்கம் திரும்பி, கேட்டுக்கொண்டீர்களா, இது தியாகம் இல்லை, தீவைப்பு, என்றார். கஸ்பார் அதை எழுதலாமா என்று கேட்டார். எழுத வேண்டாம் என்று வியாகுலம் சொன்னார். அவர் போன பிறகும் சிலுவாயி யாரிடமோ கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தாள், அல்லது பக்கத்தில் வந்து உட்கார்ந்த பிரகாசியிடம் சொன்னாள்.

"பதினோரு தோணி வந்துச்சு. ஒவ்வொன்னா வெளிச்சத்துக்குள்ள வரும், பாப்பேன், எங்காளு இல்ல. எங்காளு தோணி பன்னெண்டாவது."

"வரலியா?"

"வரல."

பிரகாசி எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே, "அழுதியா?" என்று கேட்டாள்.

"எங்கக்கா அழ. அதுக்குள்ள கூரை வுழுந்துருச்சு."

எதிரே ஜெராக்ஸ் கடையில் யாரோ வந்து நின்று கூப்பிட்டார்கள். பிரகாசி எழுந்து போகவில்லை.

புரட்டாசிக் கடைசியில் நிர்வாகக் குழு கூடியது. கல்லில் உள்ள பெயருக்கு ஒருவராகப் பதினோரு பேர் வந்தார்கள். இந்தப் பெண் வெளியே இருந்தால் பேசிக்கொண்டே இருப்பாள், உள்ளே இருந்தால் பேச முடியாது என்பதை வியாகுலம்தான் கண்டுபிடித்தார். மில் நடத்துகிறவருக்கு அந்த மூளை உண்டு. இருபத்திரண்டாம் விதிப்படி, உறுப்பினர் எவரும் கூரை எரிந்த வரலாற்றைப் பற்றிக் குழுவின் அனுமதியில்லாமல் வெளியாரிடம் பேசக் கூடாது. முதல் விதிப்படி, 'கூரை எரித்தவரும், அவர்தம் வழித்தோன்றல்களும்' உறுப்பினராகலாம். அந்த வாக்கியத்தின் முன்பாதியை இதுவரை யாரும் பயன்படுத்தியதில்லை. வெறும் அலங்காரம் என்றே நினைத்திருந்தார்கள். பதினோராம் விதிப்படி, கல்லறை இல்லாத உறுப்பினருக்கு மூப்பு வரிசைப்படி முதலில் காலியாகும் இடம் போக வேண்டும், மூப்பில் சிலுவாயியை மிஞ்ச ஊரில் ஆள் இல்லை. முதலில் காலியாகப்போவது சவரிநாதனுக்கு இடது பக்கம். தீர்மானம் இப்படி நிறைவேறியது: சிலுவாயி உறுப்பினராகச் சேர்க்கப்படுகிறாள், வருஷப் பூசைக்கு மறுநாள் மேற்சொன்ன இடம் அவளுக்கு ஒதுக்கப்படுகிறது, பிரகாசியின் விண்ணப்பம், அதன் இணைப்பு தனி உறுப்பினராகிவிட்டபடியால், ஆதாரமற்றது என்று நிராகரிக்கப்படுகிறது.

அறிவிப்புப் பலகைகளுக்கு இருபது நகல் வேண்டியிருந்தது. கஸ்பார் தானே எடுத்துக்கொண்டு வந்தார். பிரகாசி தாளைக் கண்ணாடியில் குப்புற வைத்து மூடியைச் சாத்தினாள். வெளிச்சம் இருபது தடவை போய் வந்தது. நகல்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக் கொடுத்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்த கஸ்பார், மூன்றாவது வரியில் ஒரு சந்திப்பிழை இருக்கிறது, குழு அப்படியே நிறைவேற்றிவிட்டது என்றார். அவள், சரி சார், என்றாள்.

திங்கட்கிழமை காலை சிலுவாயியின் சேர்க்கை. புது உறுப்பினர் ஐந்து படிவம் பூர்த்திசெய்ய வேண்டும், ஒன்றுகூட விடக் கூடாது, நாளைக்கு ஒரு கேள்வி வரக் கூடாது என்று வியாகுலம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மேற்பார்வைக்குத் தானும் வந்து உட்கார்ந்து போனில் நெல் ரகம் பேசிக்கொண்டிருந்தார். பிரகாசி, வழக்கம்போல வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கஸ்பார் தபால் ஆபீஸ் குரலில், முற்றுப்புள்ளிகூட விடாமல், ஒவ்வொரு படிவமாக வாசித்தார். சிலுவாயிக்கு மைப்பெட்டி தேவைப்படவில்லை. பெருவிரலை வைத்தால் கரியாகவே ரேகை விழுந்தது. நான்காவது படிவத்துக்கு வந்தபோது அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"நியமனம். விதி பதினேழு. ஒரு குழியில் அடக்கம் நடந்து பதினான்கு வருஷம் முடிஞ்ச பிறகு, அதே குழியில், அந்த உறுப்பினர் நியமிச்ச நபர் ஒருத்தரை அடக்கம் பண்ணலாம்."

இடம் குறைந்த எல்லாக் கல்லறைத் தோட்டத்திலும் இருக்கிற வழக்கம்தான் இது. மண் தன் வேலையை முடிக்கக் காத்திருந்து, எலும்பை ஓரமாகச் சேர்த்துவிட்டு, மேலே அடுத்தவரை வைப்பார்கள். எல்லோரும் மகனையோ மகளையோ போடுவார்கள், ஆகையால் அந்த விதியில் உறவு, வம்சம், இரண்டு காகிதம் என்று எதுவும் கேட்கப்படவில்லை என்பதை யாரும் கவனித்ததில்லை. கஸ்பார் கவனித்திருந்தார். விதிப்புத்தகத்தை ஆதியோடந்தமாகப் படித்தவர் ஊரில் அவர் ஒருவர்தான், அதற்காக அவரைக் கேலிசெய்வார்கள்.

"ஆர வேணா போடலாமா?" என்றாள் சிலுவாயி.

"யாரை வேணும்னாலும் போடலாம். பதினாலு வருஷத்துக்கு முந்தி அவங்க செத்துட்டா செல்லாது. பொதுக் கல்லறைதான்."

சிலுவாயி பெஞ்சைப் பார்த்தாள். மூன்று மாதம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அவள் கேட்காதது ஒன்று இருந்தது.

"இந்த அக்கா பேரு என்னா?"

"பிரகாசி," என்றாள் பிரகாசி.

"அத எழுதுங்க."

கஸ்பார் எழுதினார். அடுத்த கட்டம் உறவுமுறை. எட்டுத் தலைமுறைக்கு என்ன போடுவது என்று பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டு, 'மேற்படி' என்று எழுதி, ரேகை வாங்கி, ஐந்து படிவத்தையும் தலைவரிடம் நீட்டினார். வியாகுலம் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஐந்திலும் கையெழுத்துப் போட்டார்.

ஐப்பசியில் சவரிநாதனுக்கு வருஷப் பூசை நடந்தது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு, அலுவலக நேரத்துக்குள்ளாகவே, சிலுவாயியின் அடக்கம். பாடை தேவைப்படவில்லை, அவள் தானே முன்னால் நடந்தாள். ஊர் பின்னால் நடந்தது. மீரான் பாய் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பதினோரு பெயர் வழிக்காரர்களும் வந்தார்கள், வராமல் இருந்தால் பேச்சாகிவிடும் என்பதால். சாமியார் யாருக்கும் செய்கிற ஜெபத்தைச் செய்தார். வெட்டியான் குழிக்குள் சின்ன ஏணி ஒன்றை இறக்கியிருந்தான். அவள் இறங்கி நின்று, தலை எந்தப் பக்கம் என்று கேட்டாள், மேற்கே என்றார்கள். சுவரோரம் புல் மூடிக் கிடந்த சவரிநாதனின் மேட்டை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, அதற்கும் தனக்கும் நடுவே ஒரு சாண் விட்டு, ஒருக்களித்துப் படுத்தாள்.

பிரகாசி முதல் பிடி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விளிம்பில் நின்றாள். மண் சூடாக இருந்தது, அது அவளுக்குத் தெரிந்தது.

"பதினாலு வருசந்தானேக்கா," என்றாள் சிலுவாயி கீழேயிருந்து. "ஒன்னும் அவசரமில்ல. மெதுவா வா."

பிரகாசி மண்ணைப் போட்டாள். கஸ்பார் அலுவலகத்துக்குத் திரும்பிப் போய், ஐந்து மணிக்குள், அனுப்புகைப் பதிவேட்டில் வரத்து எண் 114-இன் இணைப்பு அனுப்பப்பட்டது என்று எழுதி, பெஞ்சைத் துடைத்தார். கரி முழுதாகப் போகவில்லை.

மறுநாள் காலை பிரகாசி கடை திறக்கும் முன்னால் மருந்துக் கடைக்குப் போய், ஒரு வருஷமாக வாங்காமல் விட்டிருந்த பிரஷர் மாத்திரையில் மூன்று அட்டை வாங்கினாள்.